காக்கா எடுத்துச்சா?

ஆடிச் சனிக்கிழமை விடிந்து கதவைத் திறந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் படுத்துக் கிடப்பார்கள். சின்னமனூரில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு மார்க்கையன்கோட்டை வழியாக நடந்தே வந்தவர்கள் சிலர், லாரியில் வந்து இறங்கியவர்கள் சிலர். அப்பத்தா அவர்களை எழுப்ப விடமாட்டாள். "ஏழரை பிடிச்சு வந்துருக்காக, செத்த நேரம் தூங்கட்டும்" என்பாள். எழுப்பப்படுகிறவன் நான்தான். எனக்கும் ஒரு ஏழரை பிடித்திருக்கலாம் என்று யாரும் யோசித்ததில்லை.

சனீஸ்வரர் கோயில் ஊரான குச்சனூரில் பிறந்த பையனுக்கு ஆடி மாதம் சனிக்கிழமை லீவு கிடையாது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடுகிற நேரத்தில் நான் உறவுக்காரர்களின் செருப்புக்குக் காவல் இருந்தேன், குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன், சித்தப்பா கடையில் உப்பும் பொரியும் பொட்டலம் கட்டினேன். பக்கத்து வீரபாண்டியில் சித்திரைத் திருவிழா என்றால் ராட்டினம், பலூன், ராத்திரி முழுக்க வெளிச்சம். எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருகிற முகங்களோ ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்கள். அங்கே கௌமாரியம்மனிடம் ஆசையோடு போனார்கள், எங்களிடம் பயத்தோடு வந்தார்கள். இதற்கு ஏன் திருவிழா என்று பேர் வைத்தார்கள் என்று கோபம் வரும்.

ஒரு வேலை மட்டும் எனக்குப் பிடிக்கும். ஆடிக் காற்று கம்பம் பள்ளத்தாக்கில் அம்மியைப் பறக்க வைக்கிறதோ இல்லையோ, எள் தீபத்தை ஏற்ற விடாது. கறுப்புத் துணியில் எள்ளைக் கிழியாக முடிந்து, நல்லெண்ணெயில் ஊறப்போட்டு, கொளுத்துவார்கள். எண்ணெய் பிடித்த துணி முதலில் புகைந்து, பிறகு நுனியில் நீலமாக ஒரு துளி எழும். அந்த நேரம் பார்த்துக் காற்று வரும். மறுபடி தீக்குச்சி, மறுபடி புகை. நான் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி நிமிர்த்திய ஒரு தகரத்தோடு அங்கே நிற்பேன். தகரத்தை வளைத்துக் காற்றுக்குக் குறுக்கே பிடித்தால் கிழி நின்று எரியும், எள் படபடவென்று வெடிக்கும், கருகிய எள் வாசனை சட்டையில் ஏறும். பத்துப் பைசா கொடுப்பார்கள். ஒருதரம் ஒரு கிழவர் தீபம் எரிந்ததும் என் தலையில் கைவைத்து அழுதார். பைசா தரவில்லை. அன்றைக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரிந்தது.

ஊர்க்காரர்களுக்குக் கர்வம் உண்டு. மற்ற கோயில்களில் சனி, நவக்கிரகத்தில் ஒன்பது பேரில் ஒருவராக நிற்கிறார். இங்கே அவர்தான் மூலவர், சுயம்பு, மஞ்சள் காப்புக்குள் இருக்கிறார். "திருநள்ளாத்துல அவரு குடித்தனம், இங்க சொந்த வீடு" என்பார் அப்பா. தலபுராணக் கதை தினகரன் என்ற ராஜாவையும் அவர் வளர்ப்பு மகன் சந்திரவதனனையும் பற்றியது. வளர்த்த தகப்பனைப் பிடித்த சனியைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறேன் என்று பிள்ளை வேண்ட, மனமிரங்கிய சனீஸ்வரர் ஏழரை வருடத்தை ஏழரை நாழிகையாகக் குறைத்தாராம். குச்சுப்புல்லால் கூரை வேய்ந்து கோயில் கட்டியதால் குச்சனூர். நாழிகைக்கு இருபத்து நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் ஏழரை நாழிகை மூன்று மணி நேரம் வருகிறது. ஆடிச் சனி வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு அது மிகவும் துல்லியமான கணக்கு.

மூன்றாம் சனி கழிந்தபிறகு அதே கோயிலின் சோனைக் கருப்பணசாமி முறை. கிடா வெட்டு, கோழி, படையலுக்கு மது பாட்டில்கள். மூன்று வாரம் எள்ளும் பச்சரிசியுமாக இருந்த வீடு அன்றைக்குக் கறிக்குழம்பு மணக்கும். அப்பாவுக்கு உண்மையான ஆடி அதுதான். ஜூன் முதல் தேதி பெரியாறு அணை திறந்தால் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திலும் நாற்றங்கால் தொடங்கிவிடும். கருப்பணுக்குப் பொங்கல் வைக்கும்போது எங்கள் வயலில் நடவு முடிந்திருக்கும். மனிதர் கவலையில்லாமல் உட்கார்ந்து ஈரல் வறுவலைத் தின்பார். கையில் ஒரு டம்ளர் இருக்கும். "பிரசாதம்டா" என்பார்.

1996-இல் சிங்கப்பூருக்கு வந்தேன். ஊரை விட்டுக் கிளம்பிய சந்தோஷத்தில் பாதி, இனி ஆடிச் சனிக்குத் தண்ணீர் சுமக்க வேண்டாம் என்பது. நினைத்தது நடந்தது. ஆனால் நான் வந்த காலத்தில் இங்கே சனிக்கிழமை அரைநாள் வேலை. ஊரில் சனீஸ்வரருக்குக் கொடுத்த சனிக்கிழமையை இங்கே கம்பெனிக்குக் கொடுத்தேன். 2004-இல் அரசு அலுவலகங்கள் வாரத்துக்கு ஐந்து நாள் என்று மாறின. தனியார் கம்பெனிகள் பிறகு ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. ஒருவழியாகச் சனிக்கிழமை என் கைக்கு வந்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. புரட்டாசியில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் கூட்டம் அலைமோதும், அங்கே போய் நிற்பேன். பெருமாளிடம் பயப்பட ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ, மனசு ஒட்டவில்லை.

தீபாவளிக்கு இங்கே விடுமுறை உண்டு. ஆடிச் சனிக்கு யார் கொடுப்பார்கள்? ஆனால் இந்த நாட்டின் தேசிய தினம் ஆகஸ்ட் 9. அது எப்போதும் ஆடிக்குள்தான் விழும். 2014-இல் சரியாகச் சனிக்கிழமையிலேயே விழுந்தது. ஊரே சிவப்பும் வெள்ளையும் கட்டி வாணவேடிக்கை விட, நான் மட்டும் சனீஸ்வரருக்குத்தான் இதெல்லாம் என்று வைத்துக்கொண்டேன்.

இங்கே அவருடைய வாகனத்தின் பாடுதான் பரிதாபம். ஊரில் காக்காய்க்கு வைக்காமல் நாங்கள் சோற்றில் கைவைத்ததில்லை. மண் காக்காயைத் தலையைச் சுற்றிக் காணிக்கை வைக்கிற ஊர் அது. இங்கே பறக்கிற சாம்பல் கழுத்துக் காக்காய் இந்த மண்ணின் பறவையே அல்ல. காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று நூறு வருடங்களுக்கும் முன்னால் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கப்பலில் தொற்றிக்கொண்டு வந்தவையும் உண்டு. நம் ஆட்களை ரப்பர் வெட்டக் கூட்டிவந்த கதையேதான். வேலை முடிந்ததும் தொல்லை என்று பேர் வாங்கியது. 2020 வரைக்கும் சிங்கப்பூரில் காக்காய்களைச் சுட்டே குறைத்தார்கள். அதே 2020-இல் வந்த சட்டப்படி காக்காய், புறா, குரங்கு எதற்கும் தீனி வைக்கக் கூடாது. முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். ஒரு பிடி சோற்றுக்கு. கருப்பணசாமிக்குக் கிடா வெட்டினால்கூட அவ்வளவு ஆகாது.

2024-இல் ஆடிப்பெருக்கு மூன்றாம் சனிக்கிழமையில் வந்தது, ஆகஸ்ட் 3. அண்ணன் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினான். தெரு முழுக்கத் தலை. எங்கள் வீட்டுக்கு முன்னால் வேன்கள். திண்ணை இருந்த இடத்தில் இப்போது கார் ஷெட், கம்பிக் கதவு, பூட்டு. எனக்கு நெஞ்சை அடைத்தது. உடனே போன் போட்டேன்.

"கூட்டம் பயங்கரமாண்ணே? நீ இப்ப கோயிலுக்குள்ளயா இருக்க?"

"நானா? நான் தேனில மச்சினன் வீட்டுல இருக்கேன். ஆடிச் சனின்னா ஊருக்குள்ள மனுசன் இருக்க முடியுதா? வெள்ளிக்கிழமையே பூட்டிட்டுக் கிளம்பிருவோம்ல."

"அப்ப வீடியோ?"

"யாரோ குரூப்புல போட்டாங்கடா. ஒனக்குப் பிடிக்கும்னு அனுப்பிச்சேன்."

இருபத்தெட்டு வருடமாக நான் ஏங்கிக்கொண்டிருந்த திருவிழாவில் என் வீட்டார் ஒருத்தரும் இல்லை. இதில் அண்ணனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் கொஞ்சம் முந்தியே பூட்டிக்கொண்டு கிளம்பியவன்.

மறுநாள் ஆடி அமாவாசை. அப்பாவுக்குச் சாதம் வைக்க வேண்டும். அந்த வருடம் சீனர்களின் ஏழாம் மாதமும் அதே நாளில் பிறந்தது. அவர்கள் கணக்கில் அது முன்னோர்களின் ஆவி வெளியே வந்து திரியும் மாதம். பசியோடு விடக் கூடாது என்று வீதியோரம் படையல் வைப்பார்கள். எங்கள் புளோக்கின் கீழே, புல்லோரத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு, சோறு, வாட்டிய வாத்து ஒரு தட்டில், சின்னச் சின்னக் கோப்பைகளில் ஏதோ மது.

நான் என் வாழையிலைத் துண்டைச் செடி மறைவில் வைத்தேன். சோறு, பருப்பு, நெய், வாழைக்காய்ப் பொரியல். கேமரா இருக்கிறதா என்று மேலே பார்த்துக்கொண்டே "கா... கா..." என்று ரகசியமாகக் கூப்பிட்டேன். சாமி கும்பிடுவதைக் களவுபோலச் செய்தது அன்றைக்குத்தான்.

ஒன்று வந்தது. விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து என் இலையைப் பார்த்தது. இறங்கி நடந்து, இலையைத் தாண்டிப் போய், வாத்துத் தட்டின் விளிம்பில் ஏறியது. ஒரு துண்டை இழுத்துத் தின்றது. பிறகு கோப்பைக்குள் மூக்கை விட்டது.

அந்நேரம் பார்த்து அண்ணன் போன். "இங்க காலைலேருந்து தொண்டை கிழியக் கத்துறேன், ஒரு காக்காயும் வரல. அத்தனை வீட்டுலயும் வச்சுருக்காய்ங்க, எல்லாத்துக்கும் வயிறு ரொம்பிப் போச்சு போல. அங்க காக்கா எடுத்துச்சா?"

"எடுத்துச்சுண்ணே."

"என்ன வச்ச?"

"சோறு, பருப்பு, வாழைக்காப் பொரியல்" என்றேன்.