ஐ.சி.யூ. கதவுக்கு

கதவே, உன்னைப்போல் நடுநிலை தவறாதவரை நான் கண்டதில்லை. அப்பாவோடு நாற்பது வருடம் குடித்தனம் நடத்திய அம்மாவுக்கும், பழக்கூடையோடு வந்த பக்கத்துத் தெருக்காரருக்கும் உன்னிடம் ஒரே படியளப்புதான்: மாலை ஐந்து மணி, ஒரு பாஸ், ஐந்து நிமிடம்.

எங்களை நீ மறந்ததும் இல்லை. "பெட் ஏழு அட்டெண்டர் யாரு?" என்று குரல் வரும். அம்மா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவாள். மருந்துச் சீட்டு. ராத்திரி இரண்டரைக்கு மறுபடியும் திறப்பாய், ஒரு கையெழுத்து. விடிவதற்குள் இன்னொரு தரம். கட்டிய முன்பணம் தீர்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் அம்மா ஒன்றைத்தான் கேட்டாள்: "கண்ணத் தொறந்தாராம்மா?" பதில் சொல்வதற்குள் மூடிக்கொள்ளும் வேகம் வேறு எந்தக் கதவுக்கு வரும்!

காலத்தையே நிறுத்தும் வல்லமையும் உனக்கு உண்டு. "48 மணி நேரம் போகட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும்" என்று முதல் நாள் சொன்னார்கள். பதினோராம் நாளும் அந்த 48 மணி நேரத்தில் ஒரு நிமிடம் குறையவில்லை.

பிரான்சில் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், இறக்கும் தறுவாயில் இருந்தவர்களின் உறவினரை உட்காரவைத்துப் பேசிப் பார்த்தார்கள். 2007இல் வெளிவந்த ஆய்வு. வழக்கமான சந்திப்பில் குடும்பத்தார் பேசியது சுமார் 5 நிமிடம்; இந்தப் புதிய முறையில் வேறு குடும்பத்தாரை 14 நிமிடம் பேசவிட்டார்கள். கையில் ஒரு சிறு கையேடும் கொடுத்தார்கள். 90 நாள் கழித்து, கடும் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் 69 சதவீதத்துக்குப் பதில் 45 சதவீதம் பேரிடமே இருந்தன. அந்த ஒன்பது நிமிடத்தை நீ எங்களிடம் சிந்தவில்லை. உன் சிக்கனம் பெரிது.

மூன்றாம் நாள் அப்பாவின் இரண்டு மணிக்கட்டும் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. அம்மா ஐந்து நிமிடமும் அந்தக் கட்டுக்குக் கீழே தடவிக்கொண்டே நின்றாள். வென்டிலேட்டர் குழாயை அவரே பிடுங்கிவிடாமல் இருக்கத்தான் கட்டினார்கள் என்று எங்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது. ஒரே ஒரு வாக்கியம். அதையும் பத்திரமாக உள்ளேயே வைத்துக் காத்தாய்.

கிருமியைத் தடுத்தாய். அப்பாவைத் திருப்பித் தந்தாய். அது மெய்யான பெரும் பணி, கும்பிடுகிறேன். வீட்டில் அவர் இப்போது நன்றாகத் தூங்குகிறார். நள்ளிரவில் தெருவில் யார் வீட்டு இரும்பு கேட் திறந்தாலும், அம்மா எழுந்து வெறுங்காலோடு நிற்கிறாள்: "பெட் ஏழு நாங்கதான்."