கணக்காளராகப் போகிறவர்

மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டப்படி, மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிவுபெற்ற உறுப்பினர் மட்டுமே தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ள உரிமை உடையவர். மற்றவர் எத்தனை பேரேடுகளைக் கூட்டிக் கழித்தாலும் அப்பெயருக்கு வெளியேதான் நிற்க வேண்டும். சட்டத்தையும் மீறாமல் உறவினர் நடுவே மதிப்பும் குன்றாமல் வாழ்வதற்கு, கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடையே தோன்றியுள்ள ஒரு வகையினரே இங்கு விவரிக்கப்படும் ‘கணக்காளராகப் போகிறவர்’. இவர் பட்டம் பெற்றவர், வேலை தேடுபவர், வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்கக் கூடாதென்று மேற்படிப்பும் தேடுபவர், அம்மேற்படிப்பு மலிவாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எள்ளளவும் விட்டுக்கொடாதவர். மேற்சொன்ன கழகத்தின் அலுவலகம் நெடுங்காலம் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய தெருவில்தான் இருந்தது. அதன் வாசலைக் கடந்தே இவ்வகையினர் பலர் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போய்வந்தனர் என்றாலும், அவர்கள் உறுப்பினராகி உள்ளே நுழைவதற்குள் கழகமே பங்சார் சவுத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இவர் கணக்குத் துறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் கணக்கின்மீதுள்ள காதல் காரணமன்று. இவருடைய பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தில், ‘செக்ரோல்’ எனப்படும் தினசரி வருகை மற்றும் கூலிப் பதிவேட்டை வைத்திருந்த பெரிய கிராணியார் ஒருவர் இருந்தார். வெயிலில் நிற்காமல் நிழலில் உட்கார்ந்து, ஒரு பேனாக் கோட்டால் அரைநாள் கூலியைக் குறைக்கவும் கூட்டவும் வல்ல அம்மனிதரின் வெள்ளைச் சட்டை பாட்டியின் கண்ணைவிட்டு அகலவில்லை. இரண்டு தலைமுறை கடந்து அச்சட்டை பேரனுக்கு வந்து சேர்ந்தது. நிழல்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இவருடைய வாழ்நாள் படைப்பு, மடிக்கணினியில் உள்ள ஓர் எக்செல் அட்டவணை ஆகும். அதில் இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 1904இல் தோன்றிய ஏசிசிஏ, நிர்வாகக் கணக்கியலுக்கென 1919இல் தோன்றிய சிமா, உள்நாட்டில் 1958இல் தோன்றிய எம்ஐசிபிஏ, முதலீட்டுப் பகுப்பாய்வாளருக்கான மூன்று நிலைத் தேர்வாகிய சிஎஃப்ஏ, அரசுப் பல்கலைக்கழகங்களின் பகுதிநேர முதுகலை ஆகிய அனைத்தும் வரிசையாக நிற்க, பதினான்கு பத்திகளில் அவற்றின் செலவுகள் விரிகின்றன. ஏசிசிஏ தேர்வில் மொத்தம் பதின்மூன்று தாள்கள். தகுந்த பட்டம் உடையவருக்கு ஒன்பது தாள்கள்வரை விலக்குக் கிடைக்கும். ஆனால் விலக்குப் பெற்ற ஒவ்வொரு தாளுக்கும் தனிக் கட்டணம் உண்டு. எழுதாத தேர்வுக்குப் பணம் கட்டும் இவ்வேற்பாட்டை முதன்முதலாக அறிந்த இரவில் இவர் தூங்கவில்லை என்று வீட்டார் கூறுவர். மேலும் கட்டணம் பவுனில் குறிக்கப்படுவதால், ஒரு பவுன் எத்தனை வெள்ளி என்பதை இவர் நாள்தோறும் பார்த்துக் குறிக்கிறார். வெள்ளி ஏறினால் இன்னும் ஏறட்டும் என்று காத்திருக்கிறார், இறங்கினால் மறுபடி ஏறட்டும் என்று காத்திருக்கிறார். தேர்வு ஆண்டுக்கு நான்கு முறை, மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் நடைபெறுகிறது. முன்கூட்டிப் பதிவோருக்குக் கட்டணம் குறைவு, கடைசி நேரத்தில் பதிவோருக்கு அதிகம். சலுகைக் காலம் முடியும்வரை ஆராய்ந்து, முடிந்தபின் கட்டணம் அதிகமென்று கண்டு, அடுத்த சிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் எடுக்கும் முடிவு, கொமுட்டர் இரயிலைவிட ஒழுங்காகக் கால அட்டவணைப்படி வந்து சேர்கிறது.

பாடநூலுக்கும் இதே நெறிதான். புதிய பதிப்பின் விலையில் கால் பங்குக்கு இவர் வாங்கி வைத்திருக்கும் வரிப் பாடநூலில், 2015 ஏப்ரலில் பிறந்து 2018இல் நீக்கப்பட்ட பொருள் சேவை வரியாகிய ஜிஎஸ்டி இன்னும் முழு ஆரோக்கியத்துடன் வாழ்கிறது. முதல் உரிமையாளர் மஞ்சள் மையால் கோடிட்ட வரிகளை மட்டும் படித்தால் போதும் என்பது இவரது துணிபு. அவ்வுரிமையாளர் தேறினாரா என்பதை இவர் விசாரித்ததில்லை.

கணக்கியலின் அடிப்படை இரட்டைப் பதிவு முறை ஆகும். அதாவது ஒவ்வொரு நடவடிக்கையும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொன்றில் வரவாகவும் பதியப்பட்டு, இருபுறமும் சமன்பட வேண்டும். 1494இல் வெனிஸ் நகரில் அச்சான தம் நூலில் லூகா பாச்சோலி என்னும் துறவி விளக்கிய இம்முறையை, இவர் கிள்ளான் கல்யாண மண்டபங்களில் கையாளும் நேர்த்தி அத்துறவியையே வியக்க வைக்கும்.

“என்ன தம்பி, வேலை கெடச்சிருச்சா?” என்று அத்தை கேட்டால், “படிச்சிக்கிட்டு இருக்கேன் அத்தை” என்பார். அடுத்த பந்தியில் மாமா, “எத்தன பேப்பர்ப்பா முடிச்ச?” என்று கேட்டால், “இன்டர்வியூவுக்கு அலையறதுல உட்கார முடியல மாமா” என்பார். ஒருபுறம் படிப்பு, மறுபுறம் வேலை. இரண்டிலும் சுழியே இருந்தாலும் கணக்கு சமன்பட்டுவிடுகிறது. அத்தையும் மாமாவும் ஒரே மேசையில் உட்காராதபடி பார்த்துக்கொள்வது மட்டுமே இவர் செய்யவேண்டிய தணிக்கை.

ஆயினும் இவரைச் சோம்பேறி என்று தள்ளிவிடுவது நியாயமாகாது; ஏனெனில் படிப்போருக்கு நாடு நீட்டும் கைகள் பெரும்பாலும் வேலையில் இருப்போரை நோக்கியே நீள்கின்றன. கணக்கியல் படிப்போருக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளிவரை வருமான வரிக் கழிவு உண்டு. கழிப்பதற்கு முதலில் வருமானம் வேண்டும். மனிதவள நிதிக்கு முதலாளிகள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டைக் கட்டி, அதிலிருந்து தொழிலாளருக்குப் பயிற்சியளிக்கின்றனர். அதற்கு ஒரு முதலாளி வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வேலைக் காப்புறுதித் திட்டம், வேலை இழந்தவருக்குப் பயிற்சிக் கட்டணம் தருகிறது; இழப்பதற்காவது ஒரு வேலை இருந்திருக்க வேண்டும். ஆகவே தந்தையின் சேமநிதிக் கணக்கிலிருந்து பிள்ளையின் கல்விக்கென எடுக்கும் பணமே இறுதிப் புகலாகிறது. ஓய்வுக்காலப் பணத்தில் கைவைக்க மனம் வராமையால்தான் மகன் மலிவைத் தேடுகிறார் என்பதைத் தந்தை அறிவார், ஆனால் இருவரும் அதைப் பேசுவதில்லை.

வேலை விளம்பரங்களோ, புதிய பட்டதாரிகளை வரவேற்றுவிட்டு அடுத்த வரியிலேயே ஈராண்டு அனுபவமும், மெண்டரின் மொழியும், சொந்த வாகனமும் கேட்கின்றன. ஏசிசிஏ உறுப்பினராவதற்குத் தேர்வுகளோடு முப்பத்தாறு மாத வேலை அனுபவமும் வேண்டும். அந்த வேலைக்கோ ஏசிசிஏ தாள்கள் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழமொழி, கணக்குத் துறையில் ஆட்சேர்ப்புக் கொள்கையாக ஏற்கப்பட்டுவிட்டது.

முற்காலத்தில் இச்சிக்கல் இருந்ததில்லை. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவனைப் படிப்படியாக அடுத்தாளாகவும் பின் கடையை நடத்தும் மேலாளாகவும் உயர்த்தினர். சொத்தையும் கடனையும் ஒருங்கே காட்டும் ஐந்தொகையை அவன் கடைப் பெட்டியடியிலேயே கற்றான்; சோறு கடையில், படுக்கை கிட்டங்கியில், கல்விக் கட்டணம் ஏதுமில்லை. கடல்கடந்து கடை நடத்தும் மேலாளின் தவணை வழக்கமாக மூன்றாண்டு, அதாவது அதே முப்பத்தாறு மாதம். இவ்வளவு மலிவான படிப்பு நம்மவருடைய அட்டவணையில் இல்லை. அது இப்போது நடத்தப்படுவதும் இல்லை.

அல்லது, நடத்தப்படுவதை இவர் கவனிப்பதில்லை. ஜாலான் தெங்கு கிளானாவில் சேலைக் கடை வைத்திருக்கும் அத்தைக்கு, 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிய இ-இன்வாய்ஸ், அதாவது விலைச்சீட்டை வருமான வரி வாரியத்தின் கணினிக்கே அனுப்பும் முறை, மொத்த வியாபாரிகள் வழியாகத் தலைவலியாக வந்து சேர்கிறது. வேலை கிடைக்காத மருமகனை அவர் கூப்பிட்டனுப்புகிறார். மருமகன் இரண்டு மாலைகளில் சிட்டைகளை வரிசைப்படுத்தி, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, தீபாவளிக்குமுன் இருமுறை பணம் கொடுத்த ஒரு பில்லையும் கண்டுபிடித்துவிடுகிறார். அத்தை ஓர் உறையில் இருநூறு வெள்ளி வைத்து நீட்டி, “மாசாமாசம் வந்து பாத்துக் குடுக்குறியாப்பா?” என்று கேட்க, “அடுத்த சிட்டிங் முடியட்டும் அத்தை” என்கிறார்.

அன்றிரவு அவ்விருநூறு வெள்ளியைப் பதிவதற்காக அட்டவணையைத் திறக்கும்போதுதான், பதினான்கு பத்திகளும் செலவுக்கானவை, வரவுக்கென ஒரு பத்திகூட இல்லை என்பது தெரிகிறது. பதினைந்தாவது பத்தி போட்டால் வண்ணங்களும் சூத்திரங்களும் குலைந்துவிடும். ஆதலால் அவர் நெடுநேரம் யோசித்து, ‘கட்டணக் கழிவு’ என்ற பத்தியில் ‘அத்தை, 200’ என்று எழுதிச் சேமித்துவிட்டு, பவுன் விலை பார்க்கப் போகிறார்.