நாலு கம்பிக்காரர்

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு முந்திக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் மேடைக்குப் பக்கத்தில், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே கண்ணை மூடி நின்றால், மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்துவிடாதீர்கள். அவர் நாலு கம்பிக்காரர். பாடுகிறவர் சுருதி விட்டாலும் அவருக்குக் கவலை இல்லை. மேடையில் ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார் என்பதே மூன்றாவது பாட்டில்தான் அவருக்குத் தெரியவரும். பாட்டுக்கு அடியில் ஓடுகிற நாலு கம்பி பேஸ் கிடாரைத்தான் அவர் தேடிக்கொண்டிருக்கிறார். சிறிது நேரத்தில் கண்ணைத் திறந்து, துக்க வீட்டுக் குரலில் சொல்வார்: "கீபோர்டுலயே ஒப்பேத்தறாங்க." அதற்கப்புறம்தான் சாப்பிட வருவார். வந்தாலும் ரசத்தோடு எழுந்துவிடுவார்.

சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் இந்த ஜாதி ரொம்பக் குறைவு. ஒரு மினி பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றிவிடலாம்; ஆனால் ஏற்றினால் வண்டி கிளம்பாது, டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பீக்கர் எத்தனை இஞ்ச் என்று இறங்கிப் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் ஆடி பிறந்தால் மாரியம்மன் கோயிலுக்குக் கோயில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். ஒவ்வொரு ஆர்கெஸ்ட்ராவிலும் டிரம்ஸுக்குப் பக்கத்தில், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் ஒருவர் நின்று பேஸ் வாசிப்பார். அவருக்கு யாரும் மாலை போட்டதில்லை, பத்து ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்தியதுமில்லை. பிறகு கீபோர்டுக்காரரின் இடது கை அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அதற்கும் பிறகு பென் டிரைவ் வந்து இரண்டு கையையும் எடுத்துக்கொண்டது. வேலை போனவர்கள் கிடாரை விற்றார்கள். மேடையே ஏறாத நம்ம ஆள் வாங்கினார். இந்த வட்டாரத்தில் வியாபாரம் தொடங்கியது இப்படித்தான்.

நம்ம ஆளுக்குப் பகலில் சேலம் செவ்வாப்பேட்டைப் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு வேலை. வயது நாற்பத்தைந்து. வாசிப்பாரா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். முதல் நாலு சுரம் அருமையாக வாசிப்பார். ஐந்தாவதுக்குப் போவதற்குள், "இதோட சஸ்டெய்ன் கேளுங்க" என்று நிறுத்திக் கையைத் தூக்கிவிடுவார். நாமும் அந்த ஓசை அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அவர் சொல்லும் சரித்திரம் 1951இல் தொடங்கும். அந்த வருஷம் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்ற ரேடியோ ரிப்பேர்க்காரர், தூக்கிச் சுமக்க முடியாத டபுள் பேஸுக்கு மாற்றாக, தோளில் மாட்டிக்கொள்ளும் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கம்பியின் நீளம் 34 அங்குலம். 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. உலகத்தில் அதற்கப்புறம் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை என்பது நம்ம ஆளின் கட்சி. மகன் பிறந்த வருஷத்தைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

பேஸின் மேல் கம்பியைத் தட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வு. செல்போனுக்குள் இருக்கிற சுண்டைக்காய் ஸ்பீக்கருக்கு இது எட்டாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், டீக்கடையில் போனை நம் காதருகே நீட்டி, 'மூடுபனி' படத்தின் பாட்டைப் போட்டு, "கீழ போறது கேக்குதுங்களா?" என்பார். நமக்குக் கேட்பதெல்லாம் டீ ஆற்றுகிற சத்தம்தான். ஆனாலும் "ஆமாங்ணா, பிரமாதம்" என்று சொல்லிவிடுவது உத்தமம். கேட்கவில்லை என்றால் ஹெட்போன் வரும். ஹெட்போன் வந்தால் வெளியே வர இரண்டு மணி நேரம் ஆகும்.

ரசனையில் மட்டும் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. இளையராஜாவின் பாட்டுகளில் பல வருஷம் பேஸ் வாசித்த சசிதரன் பெயரை இந்த ஊரில் தெரிந்துவைத்திருப்பது இவர்கள் ஏழெட்டுப் பேர்தான். ஏ.ஆர்.ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் எந்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு சுரத்தை விட்டுவிட்டுப் போனார் என்பதை ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து விவாதிப்பார்கள். வாசிக்காத சுரத்துக்காக ஒரு பகல் முழுக்க சண்டை போடும் கூட்டத்தை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. பாட்டு கேட்டு 'ஆகா' சொல்கிறவர்கள் கோடிப் பேர் உண்டு. அந்த 'ஆகா' எங்கிருந்து கிளம்பியது என்று கீழே குனிந்து பார்க்கிறவர்கள் இவர்கள்தான்.

வாங்க விற்க என்று வந்துவிட்டால் இந்த ரசிகரே வேறு ஆளாகிவிடுவார். விற்கிறவர்கள் பேச்சுக்கு ஓர் அகராதியே போடலாம். "சர்ச் யூஸ்" என்றால் மிக உயர்ந்த ரகம். வாரத்துக்கு ஒருநாள், மின்விசிறிக்குக் கீழே, நிதானமான பாட்டு, ஃப்ரெட் தேய்ந்திருக்காது. "ஆர்கெஸ்ட்ரா யூஸ்" என்றால் இருபது ஆடி மாசத்து வியர்வையை பிரிட்ஜில் துருவாகப் பார்க்கலாம். "லேசா கரகரங்கும்" என்றால் வால்யூமைத் திருகும்போது சோளம் பொரிகிற சத்தம் வரும். "பேட்டரி மட்டும் மாத்தணும்" என்றால் உள்ளே இருக்கிற சர்க்யூட் மொத்தமும் போய்விட்டது. ராசிபுரத்தில் ஒருவர், தன்னுடைய கிடார் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்கெஸ்ட்ராவிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்தார். ஏற்காடு சாலையில் அந்த சினிமா ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவு மட்டும்தான் இன்றைக்கு நிற்கிறது. சாட்சி சொல்ல ஆள் கிடையாது. நம்ம ஆள் ஒன்றும் பேசாமல் கிடாரைத் திருப்பி, தலையின் பின்பக்கம் பார்த்தார். 'மேட் இன் இந்தோனேசியா' என்று ஸ்டிக்கரே உரியாமல் இருந்தது.

ஜப்பான் என்று எழுதியிருந்தால் கதையே வேறு. ஃபெண்டர் கம்பெனி 1982இல் ஜப்பானில் கிடார் செய்ய ஆரம்பித்தது. 'ஸ்கொயர்' என்ற பெயரில் வந்த அந்த ஆரம்பக் காலக் கிடார்களில் 'ஜேவி' என்று தொடங்கும் எண் இருக்கும். அவை மலிவுப் பதிப்பாக வந்தவை. அமெரிக்க அசலையே வெட்கப்பட வைத்தன என்பது உலகெங்கும் உள்ள ரசிகர்களின் பேச்சு. எங்கள் பக்கத்தில் ஒரு 'ஜேவி' இருப்பதாக நெடுநாள் வதந்தி. ஓமலூரில் என்பார் ஒருவர், பரமத்தி வேலூரில் என்பார் இன்னொருவர். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

நாமக்கல் லாரிப் பட்டறையைச் சொல்லாமல் இந்தச் சித்திரம் முடியாது. இந்தியா முழுக்க ஓடுகிற லாரிகளுக்குப் பாடி கட்டுகிற ஊர் அது. நம்ம ஆள் ஒரு முறை, பெயிண்ட் உரிந்த ஒரு பேஸை அங்கே தெரிந்த பெயிண்டரிடம் கொடுத்தார். பெயிண்டர் கிடாரைக் கையில் தூக்கி எடை பார்த்து, "இதுல 'ஒலி எழுப்பவும்' எழுதணுங்களா?" என்று கேட்டாராம். ஒன்றும் எழுத வேண்டாம், நீலம் மட்டும் அடித்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தார். போய் எடுத்தபோது கண்ணாடி மாதிரி நீலம். நட்புக்காகக் கீழ் ஓரத்தில் மஞ்சளில் ஒரு சின்னத் தாமரை. கூட்டத்தில் மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்: லாரி பெயிண்டா!

இதற்கு நம்ம ஆள் சொன்ன பதிலை நான் இன்றைக்கும் மெச்சுவேன். லியோ ஃபெண்டர் கிடாருக்கென்று தனிப் பெயிண்ட் காய்ச்சவில்லை. கார்களுக்கு அடிக்கிற, டூகோ மாதிரியான டூப்பாண்ட் பெயிண்டைத்தான் வாங்கி அடித்தார். இன்றைக்கு லட்சக்கணக்கில் விலை போகிற 'லேக் பிளாசிட் புளூ' காடிலாக் காரின் நிறம், 'ஃபியஸ்டா ரெட்' ஃபோர்டு காரின் நிறம். "அவங்க ஊர்ல காரு, நம்ம ஊர்ல லாரி. டூகோ டூகோதானுங்க" என்றார். யாராலும் மறுக்க முடியவில்லை. தாமரையை மட்டும் மன்னிக்கவில்லை. அந்தக் கிடார் கைமாறும்போதெல்லாம் தாமரைக்கென்று ஐநூறு ரூபாய் தள்ளுபடி உண்டு.

கைமாறுவது என்று சொன்னேன். உண்மையில் இந்த வட்டாரத்தில் சுற்றுவது பத்துக்கு உட்பட்ட கிடார்கள்தான். சேலத்துக்காரர் திருச்செங்கோட்டுக்காரருக்கு விற்பார். அவர் போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போகும்போது பள்ளிபாளையத்துக்காரருக்குத் தள்ளிவிடுவார். அவருக்கு விசைத்தறியில் பணம் முடங்கினால் மறுபடி சேலத்துக்கே வரும். விலை ஏறாது, இறங்காது. யார் எவ்வளவுக்கு வாங்கினார் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் பேஸ் 1972இல் திருடுபோய், ஐம்பது வருஷத்துக்குமேல் கழித்து அவரிடமே சேர்ந்துவிட்டது என்று 2024இல் செய்தி வந்தபோது உலகமே வியந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் வியப்பில்லை. "லண்டன் பெரிய ஊரு, அதான் லேட்டு" என்றார் பள்ளிபாளையத்துக்காரர்.

நம்ம ஆள் வீட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்பீர்கள். எல்லாக் கிடாருக்கும் ஒரே கறுப்பு உறை. எது போனது, எது வந்தது என்று தெரியாது என்பது அவர் ஏற்பாடு. அவருடைய மனைவி ரேஷன் கடையில் எடை போடுகிறவர். ஒரு நாள் வீடு பெருக்கும்போது உறையோடு தூக்கிப் பார்த்துவிட்டு, "போன மாசம் இது நாலு கிலோதானே இருந்துச்சு? இப்ப நாலரை இருக்குது" என்றார். அன்றிலிருந்து நம்ம ஆள் எடை சரியாக இருக்கிற கிடார்களை மட்டுமே வாங்குகிறார்.

ஆனால் இவருக்கும் வாத்தியார் ஒருவர் வந்து சேர்ந்தார். புதன்சந்தைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், இன்ஜினியரிங் முடித்த பையன் ஒருவன் பேஸை விற்கப்போவதாகத் தகவல். கல்லூரிக் கச்சேரியில் இரண்டு வருஷம் வாசித்தது, வெளிநாடு போகிறான், விலை பதினெட்டாயிரம். நம்ம ஆளோடு இன்னும் மூன்று பேர் கிளம்பினார்கள். வேடிக்கைக்கு நானும் போனேன். வாசலில் பையனின் அப்பா, தோளில் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக மாட்டுத் தரகு. புதன்சந்தை மாட்டுச் சந்தையில் அவர் கை படாத காளை கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

நம்ம ஆள் கிடாரை வாங்கி ஒற்றைக் கண்ணை மூடி, தலையிலிருந்து உடல்வரை நெக்கின் மேல் நீளவாக்கில் பார்வையை ஓட்டினார். வளைவு இருக்கிறதா என்று பார்ப்பது அப்படித்தான். பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டையும் விரல்நுனியால் தடவினார். தலையை ஆட்டி லேசாக உச்சுக்கொட்டினார். இந்த உச்சுக்கொட்டல் மட்டுமே ஆயிரம் ரூபாய் பெறும்.

பெரியவர் இதையெல்லாம் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லுப் பாக்கறீங்களா தம்பி? நல்லாப் பாருங்க. சுழி ஏதும் இருந்தா இப்பயே சொல்லிப்போடோணும்" என்றார். பிறகு கிடாரைக் கேட்டு வாங்கி, விரல் பலகையை நகத்தால் கீறிப் பார்த்தார். "இது ஈட்டி. நம்ம பக்கத்து மரம். ஒடம்பு என்ன மரம்?"

"ஆல்டருங்கய்யா. அமெரிக்காவுல வெளையறது."

"அப்ப கலப்பு" என்று முடித்துவிட்டார்.

நம்ம ஆள் தொண்டையைக் கனைத்து, விலையைப் பற்றிப் பேச வாயெடுத்தார். பெரியவர் சட்டென்று கையமர்த்தினார். "விலையை வாயில பேசறதுங்களா? நாலு பேரு நிக்கறாங்களே" என்று துண்டை எடுத்து நம்ம ஆளின் வலது கைமேல் போட்டார். துண்டுக்குள் தன் கையை விட்டார். விரலுக்கு ஆயிரம். உள்ளே என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. நம்ம ஆளின் முகம் சிவந்தது, புருவம் ஏறியது, ஒரு தடவை "ஐயோ, அவ்வளவுங்களா" என்று சத்தம் வந்தது. பெரியவர் முகத்தில் ஈ ஆடவில்லை. அந்தக் காலத்துப் பேஸ்காரர்கள் மேடையில் நின்ற அதே முகம்.

துண்டு விலகியது. பேரம் படிந்துவிட்டது. கூட வந்த மூவருக்கும் அப்போதுதான் விபரீதம் புரிந்தது: இந்த வட்டாரத்தின் வரலாற்றில் முதல் தடவையாக ஒரு பேஸ் என்ன விலைக்குக் கைமாறியது என்று யாருக்கும் தெரியாது. "எவ்வளவுண்ணா?" என்று கெஞ்சினார்கள். நம்ம ஆள் வாயைத் திறக்கவில்லை. பல வருஷ வியாபாரத்தில் அவர் காணாத லாபத்துக்கு வழி அந்தத் துண்டுக்குள் கிடைத்திருந்தது.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிடாரைத் தோளில் மாட்டினார். கெட்டியான தோல் பட்டை, பித்தளை வளையம் வைத்தது. தனியாக விற்றாலே ஆயிரத்தைந்நூறுக்குப் போகும். வரும்போதே அவர் கண் அதன்மேல்தான் இருந்தது என்று எனக்குச் சந்தேகம். பெரியவர் எழுந்து வந்தார். கிடாரைத் தோளிலிருந்து இறக்கி, பட்டையை இரண்டு பக்கமும் பதனமாகக் கழற்றினார். சுருட்டித் தன் மடியில் செருகிக்கொண்டார்.

"ஐயா, அது கிடாரோட சேர்ந்ததுங்க…"

"உருப்படி உங்களுதுங்க தம்பி. கயித்தக் குடுத்தா எங்க பட்டிக்கு ஆகாது. புதுக் கயிறு வாங்கறவங்கதான் கொண்டாரோணும்."