கைச் சில்லறையே கணக்கு வாத்தியார்

கே: ஐந்து ரூபாயைத் தள்ளிவிட்டு இரண்டு ரூபாய் நாணயத்தையே எடுத்துக்கொள்கிறாள் என் நான்கு வயது மகள். எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, கும்பகோணம்

ப: அவள் கண்ணில் குற்றமில்லை! 2011 வரிசையில் இரண்டு ரூபாயின் விட்டம் 25 மில்லிமீட்டர். ஐந்து ரூபாய்க்கு 23தான். ஐந்து ரூபாய்க்கு எதிரே ஐந்து ஒற்றை ரூபாய்களையும், இரண்டு ரூபாய்க்கு எதிரே இரண்டையும் வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். எந்த வரிசை நீளம் என்று அவளே சொல்வாள்.

கே: எந்த வயதில் நாணயத்தைக் கையில் கொடுக்கலாம்?
- வாசகர், திண்டுக்கல்

ப: கண்டதை வாயில் போடும் பழக்கம் நின்ற பிறகு. அப்போதும் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். நாணயம் தொண்டையில் சிக்கினால் ஆபத்து. ஆட்டம் முடிந்ததும் எண்ணி எண்ணி டப்பாவில் போடச் சொல்லுங்கள். காவலுக்குக் காவல், கணக்குக்குக் கணக்கு.

கே: இரண்டாம் வகுப்புப் பையன். கூட்டுகிறான், மீதிச் சில்லறை என்றால் முழிக்கிறான்.
- வாசகி, நாகர்கோவில்

ப: கழிக்கச் சொல்லாதீர்கள், ஏறச் சொல்லுங்கள். பொருள் 13 ரூபாய், கொடுத்தது 20. இரண்டு ரூபாயை வைத்து ‘பதினஞ்சு’, ஐந்து ரூபாயை வைத்து ‘இருபது’. வைத்ததை எண்ணினால் ஏழு, அதுதான் மீதி. பழைய மளிகைக் கடைக்காரர்கள் சில்லறை தரும் முறை இது.

கே: எல்லாம் ஜிபே ஆன பிறகு நாணயம் எதற்கு?
- வாசகர், கோவை

ப: போனில் பணம் போவது குழந்தைக்குத் தெரியாது, ‘டிங்’ சத்தம்தான் கேட்கும். உள்ளங்கையில் இருந்தது குறைந்தால்தான் செலவு புரியும். வாரம் ஒருமுறை கொத்தமல்லி வாங்க அனுப்பி, கூடவே போங்கள். பின்னால் நிற்பவர் உச் கொட்டினாலும், நீங்கள் வாங்கி எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்.

கே: பேரனிடம் எட்டணா, நாலணா என்றால் சிரிக்கிறான்.
- வாசகர், காரைக்குடி

ப: விடாதீர்கள்! 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்கு 100 பைசா என்றாகும்வரை 16 அணாதான் ரூபாய். 16 நாணயங்களைக் கொட்டி, பாதியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: எட்டணா, அரை ரூபாய். அதில் பாதி: நாலணா, கால் ரூபாய். பின்னம் அவன் விரலுக்கு வந்துவிடும்.

கே: லீவு நாளுக்கு ஒரு புதிர்?
- வாசகி, வேலூர்

ப: 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களால் பத்து ரூபாயை எத்தனை விதமாகத் தரலாம்? விடை 11; அது உங்களுக்கு மட்டும். பிள்ளை பத்தில் நின்றால், ‘இன்னும் ஒண்ணு இருக்கே’ என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். தானே கண்டுபிடித்தது ஆயுசுக்கும் மறக்காது.