ஹையர் பாஸ் சார்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனிக்கு ஒரு வே பிரிட்ஜ் இருக்கும், கேட் ஓரத்தில் ஒரு பிள்ளையார் இருப்பார், ஆபீஸுக்குள் ஒரு ஹையர் பாஸ் சார் இருப்பார். வே பிரிட்ஜ் இல்லாமல் பக்கத்து கம்பெனியில் எடை போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. வாஸ்து பார்த்துப் பிள்ளையாரை இடம் மாற்றியவர்களும் உண்டு. ஹையர் பாஸ் சாரை மட்டும் யாராலும் அசைக்க முடியாது. அவர் ஒரு நாள் லீவு போட்டால் லோடு ஏற்றிய லாரி கேட்டுக்குள்ளேயே நிற்கும்.

அடையாள அட்டையில் அவருக்கு 'டிஸ்பாட்ச் அசிஸ்டன்ட்' என்றோ 'சீனியர் கமர்ஷியல்' என்றோ ஏதோ ஒன்று அச்சடித்திருப்பார்கள். அதையெல்லாம் அவர் பொருட்படுத்துவதில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பி.காம் பட்டத்தை விட்டுவிட்டு, "இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர். ரெண்டும் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பார். லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் டைப்ரைட்டிங் தேர்வு. வேகத் தாளுக்குப் பத்து நிமிடம். விசில் ஊதியதும் ஹால் முழுக்க மெஷின்கள் ஒன்றாக இரைய ஆரம்பித்தால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி இருக்குமாம். அந்த இரைச்சலில் தன் மெஷினின் சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டதாகச் சொல்வார். நம்பத்தான் வேண்டும்.

அவரை அடையாளம் கண்டுபிடிக்க அட்டை வேண்டியதில்லை, உட்காரும் தோரணையே போதும். முதுகு நாற்காலியில் சாயாது. முழங்கை விலாவை விட்டு விலகாது. இரண்டு ஆள்காட்டி விரல்களும் எஃப்பிலும் ஜேயிலும் காவல் இருக்கும். பார்வை ஸ்கிரீனில் இருக்கவே இருக்காது. பக்கத்தில் வைத்த எடைச் சீட்டில் இருக்கும். காப்பியைப் பார்த்து அடிக்க வேண்டும், விரலைப் பார்க்கக் கூடாது, தாளைப் பார்க்கக் கூடாது. பொன்னேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருந்த இன்ஸ்டிடியூட்டில், ஸ்கேலால் தட்டிச் சொல்லிக் கொடுத்த பாடம். தாளைப் பார்க்காதவர் ஸ்கிரீனை மட்டும் ஏன் பார்க்கப் போகிறார்? இரண்டு விரலால் தேடித் தேடி அடிக்கும் பையன்களை அவர் அடிப்பவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அப்படிப்பட்டவரின் மேஜையில்தான் ஒரு திங்கட்கிழமை புது லேப்டாப் வந்து உட்கார்ந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஓனர் மகன் ஆபீஸை 'மாடர்ன்' ஆக்கிய கையோடு, பழைய டெஸ்க்டாப்பை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிவிட்டார். அந்த டெஸ்க்டாப்பின் கீபோர்டில் ஏ, எஸ், ஈ, என் நான்கும் தேய்ந்து வெறும் கறுப்புச் சதுரங்களாகியிருந்தன. சாருக்கு அது குறையே இல்லை. எழுத்தைப் பார்த்து அடிக்கிறவன்தானே அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

புதிதின் முன் உட்கார்ந்தார். விரலை வைத்தார். ஒரு வரி அடித்துப் பார்த்தார். பிறகு சிஸ்டம் பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது ஆன் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சே சார். நீங்க அடிச்சது வந்திருக்கு பாருங்க."

"வந்திருக்கு. ஆனா அடிச்ச மாதிரி இல்லையேப்பா."

அவருடைய வழக்கு மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பழைய டைப்ரைட்டரில் ஒரு கீயை அழுத்தினால் அது ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகமாகக் கீழிறங்கும். அச்சுக் கை எழுந்து வந்து ரிப்பனை அறையும். 'டக்' என்று கேட்கும். எழுத்து விழுந்ததற்கு அதுதான் ரசீது. டெஸ்க்டாப் கீபோர்டில் அந்தப் பயணம் நான்கு மில்லிமீட்டருக்குள் சுருங்கியது. சத்தமும் பாதியானது. இருந்தாலும் ஏதோ கேட்டது. இந்த லேப்டாப்பிலோ கீக்கு அடியில் கத்தரிக்கோல் போல் குறுக்கிட்ட இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளும் ஒரு ரப்பர் குமிழும்தான். ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கினாலே அதிகம். விரல் கிளம்புவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. சார் பழைய வேகத்தில் அடிக்கிறார். அடி மொத்தமும் கீழே உள்ள தகட்டில் போய் முட்டுகிறது. சாயங்காலம் விரல் நுனியெல்லாம் வலி. தைலம் தடவிக்கொண்டு லோக்கல் ட்ரெயினில் ஏறுகிறவரைப் பார்த்தால் ரோலிங் மில்லில் கம்பி இழுத்துவிட்டு வருகிறவர் என்று நினைப்பீர்கள்.

ரோலிங் மில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சத்தம் இல்லை என்று ஒருவர் இப்படி அல்லாடுவதைச் சென்னைக்காரர்கள் வேடிக்கையாகத்தான் பார்ப்பார்கள். கும்மிடிப்பூண்டியில் விஷயம் வேறு. இங்கே ஷெட்டுக்குள் எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 90 டெசிபல் என்று தொழிற்சாலை விதி வரம்பு கட்டியிருக்கிறது. பழுக்கக் காய்ந்த பில்லட் ரோலுக்குள் நுழையும்போது அந்த விதியை அதற்கு யாரும் படித்துக் காட்டுவதில்லை. வெளியே கொல்கத்தா ஹைவேயில் டிரெய்லர்கள். இந்த இரைச்சலுக்குள்தான் சார் முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். அது அவரைத் தொந்தரவு செய்ததே இல்லை. சத்தம் நின்றால்தான் தொந்தரவு. மில் சட்டென்று அமைதியானால் ஆபீஸே நிமிர்ந்து பார்க்கும்: கரண்ட் போச்சா, ரோல் உடைஞ்சுதா, ஆர்டர் இல்லையா? ஓனரின் கார் கேட்டுக்கு வந்துவிடும். இந்தப் பேட்டையில் சத்தம் என்றால் சம்பளம். சத்தமே வராத ஒன்றை மேஜையில் வைத்து, இதில் வேலை நடக்கிறது என்று சொன்னால் எந்த மனிதன் நம்புவான்?

சத்தத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. பவர் பட்டனைக் கொண்டுபோய் டெலீட் கீக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். யாருடைய யோசனையோ, அவர் வாழ்க்கையில் ஒரு பில்கூடப் போட்டிருக்க மாட்டார். லாரி நம்பரில் ஒரு எழுத்தைத் திருத்தப் போனால் லேப்டாப் தூங்கிவிடுகிறது. வலப் பக்கம் நம்பர் பேட் கிடையாது. டன் கணக்கில் கம்பி எடை அடிக்கிறவருக்கு நம்பர் பேட் இல்லாதது சமையல்காரருக்குக் கரண்டி இல்லாதது போல்தான். கட்டைவிரல் கொஞ்சம் தாழ்ந்தால் டச்பேட் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு கர்சரை வேறெங்கோ கொண்டுபோய் வைக்கிறது. வாங்குபவர் பெயருக்கு நடுவில் எடை போய் உட்கார்ந்த எடைச் சீட்டு ஒன்றை நானே பார்த்தேன். 'ஸ்ரீ' என்று தொடங்கி, 24 டன் கடந்து, 'முருகன் ஸ்டீல்ஸ்' என்று முடிந்திருந்தது. விரலைக் காவல் வைக்கும் பழக்கமும் இங்கே எதிரியாகிவிட்டது. டைப்ரைட்டர் கீ, விரல் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளும். இது பொறுப்பதில்லை, சார் யோசிக்கும் நேரமெல்லாம் எஃப், எஃப், எஃப் என்று வரிசை கட்டுகிறது.

குற்றம் எல்லாம் லேப்டாப்பின் மேல் என்றும் சொல்லிவிட முடியாது. டைப்ரைட்டரில் வரி முடியப் போகும்போது ஒரு மணி அடிக்கும். கைப்பிடியைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டரில் மணி இல்லை, வரி தானாகவே மடங்கும். சார் அதை நம்புவதில்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் என்டரை ஓங்கி ஒரு தட்டு. அவர் அடித்த கடிதத்தில் யாராவது எழுத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினால் போதும், முழு வரி, அரை வரி, முழு வரி, அரை வரி என்று கடிதம் புதுக்கவிதையாகிவிடும். முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு ஸ்பேஸ், அதில் சமரசமே கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து ஒன்றாம் நம்பர்தான். பல பழைய டைப்ரைட்டர்களில் ஒன்றுக்குத் தனிக் கீயே கிடையாது. சிறிய எல் எழுத்தை அடித்து ஒப்பேற்றுவார்கள். சைபருக்குப் பெரிய ஓ. தாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சாரின் விரலுக்கு இன்னும் அதே கணக்குத்தான். 2018 ஏப்ரலில் மாநிலம் தாண்டும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. டிஎன் 20 என்று தொடங்கும் வண்டி நம்பரில் அந்தச் சைபருக்கு அவர் ஓ போட்டார். போர்ட்டல் சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்பியது. அவர் அதையே அடித்தார். அது அதையே சொன்னது. எக்ஸலில் எடையைக் கூட்டினால் எல் இருக்கும் வரிசையெல்லாம் கணக்கில் சேராமல் போனது. ஜன்னலுக்கு வெளியே டிரைவர் வந்து நின்றார்.

"சார், பில்லு குடு சார். ரெட்ஹில்ஸ் தாண்டறதுக்குள்ள நோ என்ட்ரி போட்ருவான் சார்."

"இரு இரு. நெட்டு ஸ்லோவா இருக்கு."

கை தப்பு செய்ததாக ஹையர் பாஸ் சார் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டார். நெட்டுதான் ஸ்லோ.

தமிழில் நோட்டீஸ் அடிக்கும் நாளில் அவர் வேறு மனிதர். யளனகபக என்று தொடங்கினால் விரல்கள் தானாகவே நடக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ் எழுத்துக் கூட்டத்தை ஒரு டைப்ரைட்டருக்குள் அடக்கிக் காட்டிய வித்தையைச் சார் கையால் அனுபவித்தவர். டைப்ரைட்டரில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும், எழுத்தைப் பிறகு. புள்ளிக் கீ வண்டியை நகர்த்தாது, அதன் சத்தமும் தனி. மெய்யெழுத்து வரப்போவது காதுக்கு முன்பே தெரிந்துவிடும். 1999இல் அரசு கொண்டுவந்த தமிழ்99 விசைப்பலகையில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. அதுதான் சுலபம் என்று பையன்கள் சொல்கிறார்கள், அது உண்மையும்கூட. சாரிடம் சொல்லிப் பாருங்கள். "சுலபமா இருந்தா எதுக்குப்பா பரீட்சை?" என்பார்.

லேப்டாப் என்றாலே அவருக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பை வெல்வெட் துணி போர்த்தி வைத்திருந்தவர். அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று அவருடைய திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. அதைச் சொல்லும்போது மேடையில் தானே நின்றதுபோல் ஒரு குரல் வரும். "அது தடியா இருக்கும், ஆனா தட்டினா டக்குனு ஒரு பதில் சொல்லும்" என்பார்.

அவருக்கு ஆறுதல் சொன்னது சிஸ்டம் பையன்தான். ஆப்பிள் கம்பெனியே 2015இல் கீபோர்டை மெலிசாக்கப் போய், தூசி புகுந்து கீ மாட்டிக்கொண்டு, ஒரு தடவை தட்டினால் இரண்டு எழுத்து விழுந்து, 2019இல் பழைய கத்தரி அமைப்புக்கே திரும்பியது. வழக்குப் போட்டவர்களோடு 5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இந்தக் கதையைக் கேட்ட அன்று சார் கேன்டீனில் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டார். "அமெரிக்கா தூசிக்கே அந்தக் கதி. நம்ம மில் தூசிக்கு இது எத்தனை நாள் தாங்கும்?" என்று டிரைவரிலிருந்து ஆடிட்டர் வரை எல்லோரிடமும் கேட்டுவிட்டார். எந்தக் கதையில் எந்தக் கீபோர்டு என்பதெல்லாம் அவருக்கு முக்கியமில்லை.

முடிவு வந்தது அவர் வீட்டிலிருந்து. மகன் சிறுசேரியில் ஐடி வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கி வந்தான். கீக்குக் கீ தனி ஸ்பிரிங், நீல ஸ்விட்ச். தட்டினால் 'டக்' என்ற அதே சத்தம். சத்தம் வருவதற்கென்றே கூடுதல் காசு கொடுத்திருக்கிறான் என்று தெரிந்ததும் சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. கோத்ரெஜ் 2009இல் டைப்ரைட்டர் உற்பத்தியை நிறுத்தியபோது துக்கம் விசாரிக்க ஆளில்லாமல் இருந்த சத்தத்தை, இப்போது சிறுசேரிப் பையன்கள் சுவிட்ச் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மகன் ராத்திரி அதில் அடித்தபோது அவன் மனைவி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் கீபோர்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டது.

இப்போது அது லேப்டாப்பின் மேலேயே படுத்திருக்கிறது, யுஎஸ்பி வயரோடு. நம்பர் பேட் உண்டு. பவர் பட்டன் அடியில் போய்விட்டது, கை படாது. ஓனர் மகன் எட்டிப் பார்த்து, "அங்கிள், சவுண்ட் கொஞ்சம் அதிகமா இல்ல?" என்று கேட்டாராம். பின்னால் ஷெட்டில் ஃபர்னஸுக்கு ஸ்கிராப் கொட்டிக்கொண்டிருந்ததால் அது காதில் விழவில்லை என்று சார் சொல்லிக்கொள்கிறார். வண்டி நம்பரில் ஓ மட்டும் மாறவில்லை.

சிப்காட் கம்பெனிகளில் சில வருஷத்துக்கு ஒருமுறை பழைய லேப்டாப்புகளை மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். வாங்குகிற எண்ணம் இருந்தால் ஸ்டோர்ஸ் ஆளைப் பிடித்து, டிஸ்பாட்ச் மேஜையில் இருந்தது எது என்று மட்டும் கேளுங்கள். பேட்டரி எப்படியோ தெரியாது, கீபோர்டில் ஒரு விரல் பட்டிருக்காது. பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளலாம்.