தாமிரபரணிச் சதுரங்கம்: எட்டு அணைக்கட்டுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1.0 ஆய்வு நோக்கம்

பணி உயர்வு.

1.1 கருதுகோள்

சதுரங்கம் திருநெல்வேலியில் பிறந்தது. கருதுகோளும் இதுதான், முடிவும் இதுதான். முடிவு கைக்கு வந்த பிறகே சான்று தேடப் புறப்பட்டோம். மற்றவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. இங்கே பிறந்த ஆட்டம் ஊர் ஊராகச் சுற்றிக் கெட்டுப்போய்விட்டதால் அதை அதன் ஆதி வடிவில் மீட்டு, நெல்லைக்கே உரிய புதுக் காய்களைச் சேர்த்துத் தருவது துணை நோக்கம். ஆதி வடிவில் புதுக் காய் எப்படி வரும் என்று கேட்பவர்கள் ஆய்வுலகுக்குப் புதியவர்கள்.

1.2 முன்னாய்வுகள்

ஹெச்.ஜே.ஆர். மர்ரே 1913இல் சதுரங்கத்தின் வரலாற்றை ஏறக்குறைய 900 பக்கத்தில் எழுதினார். ஆட்டத்தின் வேர் இந்தியாவில்தான் என்று ஒப்புக்கொண்ட பெருமகனார், மாவட்டத்தைக் குறிப்பிடத் தவறிவிட்டார். அவரை முழுக்கப் படிக்காமலே மறுக்கிறோம். முன்னாய்வு என்ற தலைப்பில் வரும் நூல்களுக்கு அட்டை தெரிந்தால் போதும்.

புதுச் சதுரங்கம் கட்டும் ஆசை பழையது. ஸ்பெயின் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ 1283இல் எழுதுவித்த ஆட்ட நூலில் 12க்கு 12 பலகை ஒன்று உண்டு. அதில் முதலையும் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் ஓடுகின்றன. தைமூர் பெயரால் வழங்கும் ஆட்டத்துக்கு 112 கட்டம். உலக சாம்பியன் கபாபிளாங்கா பலகையைப் பத்துக்கு எட்டாக நீட்டி இரண்டு காய்களைக் கூட்டினார். இங்கிலாந்தின் டி.ஆர். டாசன் செய்தது வெட்டுக்கிளி. முன்னால் யாராவது நின்றால் அவர் தலைக்கு மேலே தாவி அடுத்த கட்டத்தில் இறங்கும். யாரும் இல்லையென்றால் ஓர் அடிகூட எடுத்து வைக்காது. ஆய்வு நெறியாளர்கள் சிலரை இது நினைவூட்டுவது தற்செயல்.

1994இல் டேவிட் பிரிட்சார்ட் தொகுத்த கலைக்களஞ்சியத்தில் 1,400க்கும் மேற்பட்ட சதுரங்க வகைகள் உள்ளன. அவற்றில் ஒன்றிலாவது அல்வா ஒரு காயாக வருகிறதா என்று தேடவில்லை. இல்லை என்று கொள்வதே நமக்கு வசதி.

2.0 இளவரசி தோற்றது ஏன்?

திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பூவனூர். அப்பர் பாடிய தலம். அங்கே சுவாமிக்குப் பெயர் சதுரங்க வல்லபநாதர். தலபுராணம் சொல்லும் கதை இது: நெல்லையை ஆண்ட மன்னனுக்குப் பிள்ளையில்லை. தாமிரபரணியில் நீராடும்போது தாமரைப் பூவில் ஒரு சங்கு கிடந்தது. எடுத்தால் பெண் குழந்தை. ராஜராஜேஸ்வரி என்று பேர் வைத்து வளர்த்தார்கள். சாமுண்டீஸ்வரியே செவிலித்தாயாக வந்தாள். பெண் வளர்ந்து சதுரங்கத்தில் அசைக்க முடியாதவளானாள். இவளை ஜெயிப்பவனுக்கே இவள் என்று அரசன் அறிவித்தான். வந்தவன் எல்லாம் தோற்றுப்போனான். பிறகு தல யாத்திரையாகப் பூவனூர் வந்த இடத்தில் கிழவர் ஒருவர் எதிரே உட்கார்ந்தார், ஆடினார், ஜெயித்துவிட்டார். கிழவர் சிவபெருமான்.

2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னார்கள். கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. நெல்லையில் ஒரு தடவைகூடத் தோற்காத பிள்ளை காவிரிக் கரைக்குப் போனதும் தோற்பானேன்?

எதிராளி கடவுள் என்பது எளிய விளக்கம். எளிய விளக்கத்துக்கு நல்கை கிடைக்காது. எனவே நம் விளக்கம்: ஆட்டமே வேறு. அவள் பழகியது தாமிரபரணிச் சதுரங்கம்; பூவனூரில் அவள் முன் விரித்தது வேறு விதி கொண்ட பலகை. ஊர் மாறினால் சீட்டாட்டத்திலேயே சட்டம் மாறுகிறது, இதில் மாறாதா? (வாய்மொழிச் சான்று: டீக்கடைப் பெஞ்சு, நெல்லை டவுன்.) ஆக, அந்தப் பழைய விதிகளைக் கண்டுபிடிப்பது ஒவ்வொரு நெல்லைக்காரனின் கடமை, குறிப்பாக அடுத்த ஆண்டு இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கிறவனின் கடமை.

3.0 அணைக்கட்டுச் சான்று

பலகையில் குறுக்கே எட்டு வரிசை ஏன்? ஏழோ ஒன்பதோ இருந்தால் ஆகாதா? உலகம் முழுக்க மௌனம். விடை பொதிகையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறது. தாமிரபரணியின் அணைக்கட்டுகள் எட்டு. மேலிருந்து கீழாக: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் வரிசையில் ராஜா பரிவாரத்தோடு கோடைமேலழகியானில் இருக்கிறார். சிப்பாய்கள் நதியுண்ணியில் அணிவகுத்து நிற்கிறார்கள்.

இனி கவனமாகப் படிக்க வேண்டும். சிப்பாய் முதல் தடவை மட்டும் இரண்டு கட்டம் தாவலாம் என்பது இன்றைய விதி. நதியுண்ணியிலிருந்து தாவினால் கன்னடியனில் கால் வைக்காமல் நேரே அரியநாயகிபுரத்தில் இறங்குகிறான். இப்படித் தாண்டிப் போகிறவனை, தாண்டிய கட்டத்திலேயே மறித்து எதிரிச் சிப்பாய் வெட்டலாம் என்று இன்னொரு விதி இருக்கிறதல்லவா? புதிதாக ஆடக் கற்கும் பிள்ளைகளுக்கெல்லாம் அழுகை வரவழைக்கும் விதி. எங்கிருந்து வந்தது அது? ஐரோப்பாவில் சிப்பாய்க்கு இரட்டைத் தாவல் கொடுத்தபோது கூடவே வந்தது என்பார்கள். ஐயா, கன்னடியன் கால்வாய்க்குத் தண்ணீர் விடாமல் கீழே கொண்டுபோனால் அந்தப் பாசனக்காரர்கள் சும்மா விடுவார்களா? மறிப்பார்கள். ஐரோப்பியருக்கு இது விநோத விதி. நமக்கு ஒவ்வொரு கார் சாகுபடிக்கும் கலெக்டர் ஆபீசில் நடப்பது. (காண்க: மேலது பெஞ்சு, இடது ஓரம், மழைநாள் பதிப்பு.)

எட்டாவது வரிசை ஸ்ரீவைகுண்டம். சிப்பாய் அதை எட்டினால் மந்திரியாகிறான். வைகுண்டம் சேர்ந்தவனுக்குப் பதவி என்பதில் என்ன ஆச்சரியம்? கறுப்புக் காய்க்காரர் கதி என்ன என்று சிலர் கேட்கக்கூடும். கறுப்பு எதிர்நீச்சலில் போகிறது; அதன் எட்டாம் வரிசை பொதிகையடி. அங்கே சேரும் சிப்பாய் அகத்தியர் ஆகிறார். குறுமுனிக்கு எனத் தனிக்காய் செய்யத் தேவையில்லை. சிப்பாயின் உயரமே சரியாக இருக்கிறது.

ஒரு தடை உண்டு. ஸ்ரீவைகுண்டம் அணை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் கட்டியது; எட்டுக்கு எட்டுப் பலகையோ அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது. அதற்குமுன் ஏழு வரிசைதானே என்று மடக்குவார்கள். நம் முன்னோர் எட்டாவது அணைக்கு இடம் விட்டுவைத்திருந்தார்கள் என்பதே பதில். அவர்களது தொலைநோக்கைச் சந்தேகிப்பவர் யாருடைய கைக்கூலி என்பதை இக்கட்டுரை இப்போதைக்குச் சொல்லாது.

நெடுக்கு வரிசை எட்டுக்கும் சான்று தருகிறோம். தாமிரபரணிக் கரைத் திருப்பதிகள் ஒன்பது. ஒன்று மிச்சம் விழுகிறதே என்று சில இரவுகள் தூக்கம் கெட்டது உண்மை. ஆனால் தொலைவில்லிமங்கலம் இரட்டைத் திருப்பதி. நூற்றெட்டுத் திவ்ய தேசக் கணக்கில் இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்பதில் ஒன்று போக எட்டு. ஆழ்வார்கள் காலத்திலேயே யாரோ நமக்காகக் கணக்கை நேர்செய்து வைத்திருக்கிறார்கள்.

தொல்லியல் சான்றும் உண்டு. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899இல் தொடங்கித் தோண்டினார். தாழிகள் கிடைத்தன, இரும்பு கிடைத்தது, வெண்கலம் கிடைத்தது, தங்கப் பட்டம் கிடைத்தது. சதுரங்கக் காய் கிடைக்கவில்லை. காய்கள் மரத்தால் ஆனவை, மட்கிவிட்டன. மரத்தால் ஆனவை என்று எப்படித் தெரியும்? மட்கிவிட்டனவே.

4.0 காய்கள்

4.1 தேர். நெல்லையப்பர் தேரை ஆனி மாதம் ஆட்கள்தான் இழுக்கிறார்கள், எந்திரம் தொடுவதில்லை. ஆகவே இந்தக் காய் தானாக நகராது. முன்னால் இரண்டு சிப்பாய் வடம் பிடிக்க வேண்டும், பின்னால் ஒருவன் தடி போட வேண்டும். பலகையின் நான்கு விளிம்புகள்தான் நான்கு ரத வீதிகள். தேர் அதில் மட்டுமே ஓடும். ஓடத் தொடங்கினால் யாராலும் நிறுத்த முடியாது; சக்கரத்தடியில் சறுக்குக்கட்டையாக ஒரு சிப்பாயைக் கொடுத்தால்தான் நிற்கும். அந்த ஒரு நொடியில் கட்டை போடுகிறவனின் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சிப்பாய் பலி என்பது என்னவென்று தனியாக விளக்க வேண்டாம். வடம் பிடித்த சிப்பாய் வெட்டுப்பட்டால் வடம் அறுந்ததாகக் கொள்ள வேண்டும். 2024இல் நிஜமாகவே அறுந்தது, புது வடம் வரும்வரை ஊரே காத்து நின்றது. இங்கேயும் காத்திருக்கலாம். ஒரு சுற்று முடிந்து தேர் நிலைக்கு வந்துவிட்டால் ஆட்டம் சமன். இரு தரப்பும் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

4.2 யானை. இந்தக் கட்டம் காலி. நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி 2025 ஜனவரியில் போய்விட்டாள். அந்த இடத்தில் வேறு காய் வைக்க மனம் வரவில்லை.

4.3 அண்ணாச்சி. மந்திரிக்குப் பதில் இவர். எட்டுத் திசையிலும் இவர் பார்வை இருக்கும், ஆனால் கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். எதிரிக் காய் கண்ணில் பட்டால் உடனே எடுப்பதில்லை. பற்று நோட்டில் எழுதிக்கொள்வார். முப்பதாவது நகர்வில் மொத்தமாக வசூல். அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டால் பாக்கி அடுத்த ஆட்டத்துக்குப் போகும். கேட்டால், “நீ எங்கடே ஓடிரப் போற, பொறவு பாத்துக்கிடலாம்” என்பார்.

4.4 அல்வா. பகலில் பலகையில் இருக்காது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, அதுவும் ஒற்றைப் பல்பு வெளிச்சத்தில் மட்டும், கீழ ரத வீதி விளிம்பில் தோன்றும். எல்லாக் காய்களும் அதன் முன் வரிசையில் நிற்க வேண்டும், ராஜாவுக்கும் விலக்கில்லை. அல்வாவை வெட்டிய காய் அடுத்த இரண்டு நகர்வுக்கு அசையாது, வாய் ஒட்டியிருக்கும். எதிரிக்குக் காயை வலியக் கொடுத்து இடத்தைப் பிடிப்பதை வெள்ளைக்காரர் ‘கேம்பிட்’ என்று சொல்லிப் பாடப் புத்தகமாக்கிவிட்டார்கள். அல்வா கொடுப்பது நமக்குத் தெரியாத வித்தையா? இதற்கான மூல ஆவணம் ஒரு வாழையிலைத் துண்டு. (காண்க: இலைச்சுவடி, உள்ளங்கை அகலம், சுடச்சுட வைத்ததால் நடுவே வாடியது, நெய் வழிந்து மணிக்கட்டுவரை பரவிய நிலையில் களப்பணியில் பெறப்பட்டது, இரண்டாம் வரியில் ‘வ’ போல் ஓர் எழுத்து தெரிகிறது, அது பாகுக் கறை என்பாரும் உளர், பாகுக் கறையே ‘வ’ என்பார் பிறிதொரு சாரார், இரு சாராரும் பேச்சு வார்த்தை இல்லாதிருக்கின்றனர், சுவடியைத் தெருவோரப் பசுமாடு ஒன்று உட்கொண்டுவிட்டதால் மறுபதிப்புக்கு வாய்ப்பில்லை.)

4.5 ஈரடுக்குப் பாலம். 1953இல் பார்ட்டன் என்பவர் இரண்டு பலகைகளை வைத்து, நகர்ந்த காய் அடுத்த பலகைக்குப் போய்விடும்படி ஓர் ஆட்டம் செய்தார். இருபது ஆண்டு கழித்து, 1973இல், நம் ஜங்ஷனில் மேலே ஒரு சாலை கீழே ஒரு சாலையாகப் பாலமே திறந்துவிட்டார்கள். யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்பதில் ஆண்டுகளை மட்டும் நம்பிவிடக் கூடாது.

4.6 பாளையங்கோட்டைச் சிறை. வெட்டுப்பட்ட காய்கள் வைக்குமிடம். ஜப்பானிய ஷோகியில் பிடித்த காயைத் தன் பக்கம் சேர்த்து மறுபடி இறக்கலாம்; இங்கே பரோல் மட்டும்.

5.0 செய்முறை

பலகை பத்தமடையில் நெய்ய வேண்டும். ஆற்றில் ஊறிய கோரை, சாயம் ஏற்றியது ஒரு கட்டம், ஏற்றாதது மறு கட்டம். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போயிற்று. பாய் மேல் ராணியை வைப்பது இனி நம் வேலை. தோற்கப் போகிறவர் பாயைச் சுருட்டிவிடலாம் என்பது கூடுதல் வசதி.

காய்கள் அம்பாசமுத்திரம் கடைசலில். சொப்புச் சாமான் கடைகிற அதே பட்டறை: மரத்துண்டு சுழலும், உளி படும் இடமெல்லாம் உருண்டையாகவே வரும், அரக்கை அழுத்தினால் சூட்டில் இளகி நிறம் ஏறும். இங்கேதான் சதுரங்கத்தின் மிகப் பெரிய சிக்கல் வெளிப்படுகிறது. குதிரையைக் கடைய முடியாது. ராஜா, மந்திரி, சிப்பாய் எல்லாம் சுற்றிலும் ஒரே வடிவம். குதிரைக்கு மட்டும் மூஞ்சி உண்டு. உலகத்தில் எந்தப் பட்டறையிலும் அதைத் தனியாக உட்கார்ந்து செதுக்கத்தான் வேண்டும். ஒலிம்பியாடுக்கு வேட்டி கட்டிய குதிரைத் ‘தம்பி’யைச் சின்னமாக வைத்தவர்கள் கடைசல்காரர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். “குதிரையா? அதுக்குத் தனிக் கூலில்லா அண்ணாச்சி” என்றிருப்பார். எனவே தாமிரபரணிச் சதுரங்கத்தில் குதிரை இல்லை. அதற்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி. அச்சில் வார்த்தது, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான், கடைவதற்குத் தோதான உருவம். எப்படி நகரும் என்பது மேலாய்வுக்குரியது.

6.0 பொது வாய்மொழித் தேர்வு

இக்கட்டுரை முதலில் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் படிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஐந்து நிமிடம் ஜூமில் வந்து “ஆடியோ வருதா” என்று கேட்டதால் அது பன்னாட்டு ஆயிற்று. பதிவுக் கட்டணத்தில் பை, பேனா, சான்றிதழ், ஐ.எஸ்.பி.என். எண் போட்ட தொகுப்பு எல்லாம் அடங்கும். தொகுப்பில் நம் கட்டுரை வேறொருவர் பெயரில் வந்திருந்தது, அவருடைய கட்டுரை நம் பெயரில். இரண்டும் ஒரே தரத்தில் இருந்ததால் திருத்தம் கோரவில்லை.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஆய்வேட்டைக் கையில் எடுத்து எடை பார்த்து, “கடுமையான உழைப்பு” என்றார். ஆய்வின் புதுமை என்ன என்ற கேள்விக்கு நெறியாளரே பதில் சொன்னார். கருப்பட்டி உள்ளூர்க் காய்தானா, உடன்குடி தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்றே என்று ஒருவர் எழுந்தார்; மாவட்டம் பிரிந்தது 1986இல், கருப்பட்டி அதற்கு முந்தியது என்று அமர்த்தினோம். மதியம் சொதிச் சாப்பாடு, இஞ்சித் துவையல் உண்டு என்று அறிவித்ததும் ஐயங்கள் தாமாகவே தெளிந்தன.

கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் கையை இறக்காமல் இருந்தான். “சார், இந்த ஆட்டத்த யாராச்சும் ஆடிப் பாத்திருக்காங்களா?”

அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. இலை போட்டாயிற்று, எழுந்திருங்கள்.