ஐந்தாம் இல்லத்து மகள்

1993இல் நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கலஹா வீதி அந்த வளாகத்துக்கு நடுவாகவே போகிறது. மலையிலிருந்து இறங்கிவரும் பஸ், பிள்ளைகள் புத்தகத்தோடு நடந்துபோகும் அதே மர நிழலில்தான் ஓடிக் கண்டிக்குப் போகும். என் அம்மாவுக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. தோட்டத்திலிருந்து நடந்துவந்து கலஹாவில் ஏறினால், மகளின் விரிவுரை மண்டபத்துக்குக் கிட்டவே இறங்கிவிடலாம்.

வருவதாகச் சொல்லியனுப்ப மாட்டார். மஞ்சளும் சிவப்புமாகப் பளிச்சென்று ஒரு சேலை, தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்த பை, கையில் குடை. இறங்கியதும் முதலில் எதிர்ப்படுகிறவரை நிறுத்துவார். "தம்பி, நான் தோட்டத்து ஸ்கூல் டீச்சர். எம்மக இங்கதான் சயன்ஸ் படிக்கிது." சிங்களப் பிள்ளை என்று தெரிந்தால் அதையே சிங்களத்தில் சொல்வார். விரிவுரையாளரைக் கண்டாலும் விடமாட்டார். மகள் ஒழுங்காகப் படிக்கிறாளா, மெலிந்துபோய்விட்டாளே, மாப்பிள்ளை பார்க்கலாமா அல்லது படிப்பு முடியட்டுமா என்று கேட்பார். குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு வந்ததாக ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கும். அந்தக் குரல் தூரத்தில் கேட்டதும் என் காது சுடும். இரண்டு தடவை நூலகத்துக்குள் போய் நின்றிருக்கிறேன், அவர் கண்ணில் படாமல்.

அதே மாதங்களில்தான் லுவாக்ஸானா ட்ராயும் எனக்கு அறிமுகமானாள்.

பெனிதெனியவில் ஒரு வீட்டு மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர் தங்கியிருந்தோம். அறைத்தோழி யாழ்ப்பாணம். அவளுடைய அண்ணன் லண்டனிலிருந்து, வருகிறவர்களின் கையில் வீடியோ கசெட்டுகள் கொடுத்தனுப்புவார். 1990இலிருந்து பிபிசி டூவில் ஓடிக்கொண்டிருந்த 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரைப் பதிவுசெய்தவை. ஒரு கதை முக்கால் மணித்தியாலம். இடையில் விளம்பரம் கிடையாது. 180 நிமிடக் கசெட்டில் நான்கு கதைகள் அளவெடுத்ததுபோல் அடங்கும். வீட்டுக்காரம்மா வெள்ளி இரவுகளில் தன்னுடைய டிவியையும் டெக்கையும் எங்களுக்கு விட்டுத் தருவார். சோதனைச் சாவடியும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் நிறைந்த அந்த வருடங்களில், யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்காத ஒரு விண்கலத்தைப் பார்ப்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கவைக்க முடியாது.

அந்தக் கப்பலில் டியானா ட்ராய் என்ற இளம் பெண் மனநல ஆலோசகராக வேலை செய்கிறாள். நிதானமானவள், மதிப்பானவள். நான் அவளாக இருக்க ஆசைப்பட்டேன். அவளைப் பார்க்க அவளுடைய அம்மா வருகிறாள். அதுதான் லுவாக்ஸானா. 1987இல் வந்த முதல் பருவத்தின் 'ஹேவன்' கதையில் மேடை ஏறுகிறாள். வந்த உடனேயே கப்பல் தலைவர் பிக்கார்டின் கையில் தன் பாரமான பெட்டியைக் கொடுத்துத் தூக்கவைக்கிறாள். சாப்பாட்டு மேசையில் அவளுடைய நெட்டையான, அதிகம் வாய் திறக்காத உதவியாள் ஒவ்வொரு கவளத்துக்கும் நன்றியாகச் சேகண்டி அடிக்கிறான். அவள் மற்றவர் மனதைப் படிக்கிற இனம். படித்ததைச் சபையில் உரக்கச் சொல்லிவிடுவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் வந்திருப்பது மகளின் கல்யாணத்துக்கு. டியானாவைச் சிறுவயதிலேயே அப்பாவின் நண்பர் மகனுக்கு என்று பேசிவைத்திருக்கிறார்கள்! நட்சத்திரங்களுக்கு நடுவே போனாலும் விடாது துரத்திவரும் இந்தச் சம்பந்தப் பேச்சைப் பார்த்து எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு முட்டியது.

அதற்குப் பிறகு அவள் முகம் திரையில் தெரிந்தாலே தோழி எட்டி 'ஃபாஸ்ட் ஃபோர்வர்ட்' பொத்தானை அமத்துவாள். "மனிசி வந்திட்டுது, ஓட்டு ஓட்டு" என்பாள். நான் தடுத்ததே இல்லை. சுஜாதாவின் கதையில் வரும் ஜீனோவை நேசிக்க யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. அந்த இயந்திர நாய்க்குட்டி பேசத் தொடங்கிய உடனேயே எங்கள் மனதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. லுவாக்ஸானாவை நேசிக்க எனக்கு 27 வருடம் பிடித்தது.

அவளிடம் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது அந்தப் பட்டப்பெயர்கள். தான் ஐந்தாம் இல்லத்தின் மகள், ரிக்ஸின் புனிதக் கிண்ணத்தின் காவலர், பீட்டாசெட்டின் புனித வளையங்களுக்கு வாரிசு என்று போகிற இடமெல்லாம் முழுதாகச் சொல்வாள். ஒரு தடவை மகள் சலித்துப்போய், அந்தக் கிண்ணம் வெறும் பூஞ்சணம் பிடித்த மண்சட்டி என்று சொல்லிவிடுகிறாள். அந்த இடத்தில் நான் கைதட்டியிருக்கிறேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு கிண்ணம் இருந்தது. அம்மாவின் பிரஜாவுரிமைப் பத்திரம். பொலித்தீன் உறைக்குள் போட்டு, அதை ஒரு துணிப்பைக்குள் வைத்து, எங்கே போனாலும் கொண்டுபோவார். கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டுவார். பேராதனைக்கும் கொண்டுவந்தார். "அது வெறும் கடதாசிம்மா, இங்க யாரும் கேக்கமாட்டாங்க" என்று ஒருநாள் சிநேகிதிகள் முன்னிலையில் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை மடித்து உள்ளே வைத்தார்.

அந்தக் கடதாசியின் விலை எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்திருந்தது, மனதில் தெரிந்திருக்கவில்லை. அம்மா 1944இல் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். நான்கு வயதில், 1948ஆம் வருடப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அம்மாவுக்கு அப்போது 20 வயது. கூடப்பிறந்தவர்களில் இரண்டு பேர் அந்தப் பக்கம் போனார்கள், அம்மா இந்தப் பக்கம் நின்றார். பதிவுப் பிரஜையாகி, படித்து, ஆசிரியையானார். எதிர்ப்படுகிற ஒவ்வொருவரிடமும் தான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிற பழக்கம் அங்கிருந்து வந்தது. நாம் யார் என்று பிறர் தீர்மானிப்பதற்குள் நாமே சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்த அவசரம் இருந்ததில்லை, அந்த அவசரம் இல்லாத வாழ்க்கையை எனக்கு வாங்கித் தந்ததே அவர்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டில் நான், மகள், 76 வயது அம்மா. மகாவலி ஓடுகிற சத்தம் பகலிலேயே கேட்கும் அளவுக்கு வீதி அமைதியாகக் கிடந்தது. மகள் தன் மடிக்கணினியில் அந்தப் பழைய தொடரை எடுத்துத் தந்தாள். அம்மாவும் வந்து உட்கார்ந்தார். ஆங்கிலம் அவருக்கு ஓட்டமாக விளங்காது, நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். 'ஹேவன்' கதை வந்தபோது கை பழக்கத்தில் தாண்டப் போனது. "இரு, அந்தம்மா வந்திருக்காங்க, பாப்பம்" என்றார் அம்மா. 27 வருடமாக அவள், இவள், மனிசி என்று நான் சொல்லிவந்தவருக்கு அன்றுதான் எங்கள் வீட்டில் மரியாதை கிடைத்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மா கேட்டார்: "அந்தப் புள்ள ஏன் அம்மாவ கண்டதும் மொகத்த இப்பிடி வச்சிருக்கு?"

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவரே சொன்னார். "நீயும் கம்பஸ்ல அப்பிடித்தான் வச்சிருப்ப."

கோபமில்லை அந்தக் குரலில். நூலகத்தில் நான் ஒளிந்ததும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அடுத்த மாதம் ரொட்டியோடு வந்திருக்கிறார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த முதல் கதைகளில் கமரா எப்போதும் மகளின் பக்கத்திலோ பிக்கார்டின் பக்கத்திலோதான் நிற்கிறது. கதவு திறக்கிறது, அந்த அம்மா உள்ளே வருகிறார், அவரைத் தாங்கிக்கொள்ள வேண்டியவர்களின் முகம் நமக்குக் காட்டப்படுகிறது. நாமும் சேர்ந்து தாங்கிக்கொள்கிறோம். அவர் தன் அறைக்குப் போனபின் என்ன செய்கிறார் என்று யாரும் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை.

1991 மே மாதம் வந்த 'ஹாஃப் எ லைஃப்' கதையில் கமரா இடம் மாறுகிறது. சாகப்போகும் தன் சூரியனைக் காப்பாற்ற ஆராய்ச்சி செய்யும் டிமிசின் என்ற விஞ்ஞானியோடு லுவாக்ஸானாவுக்கு நேசம் உண்டாகிறது. அவருடைய உலகத்தில் 60 வயதானவர்கள் தாங்களாகவே உயிரை முடித்துக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்பதற்காக. அவருக்கு 60 நெருங்குகிறது. சொந்த மகளே வந்து, நீங்கள் மறுத்தால் எனக்கு வெட்கம் என்கிறாள். கப்பலில் எல்லோரும் பிற சமூகத்தின் வழக்கத்தில் தலையிட முடியாது என்று மரியாதையாக ஒதுங்கி நிற்கும்போது, சத்தம் போடுகிற ஒரே ஆள் அந்த அம்மாதான். எந்தச் சத்தத்தை நாங்கள் பெனிதெனியவில் ஓட்டித் தள்ளினோமோ அதே சத்தம். கடைசியில் டிமிசின் திரும்பிப் போகத்தான் செய்கிறார். அன்புக்குரியவர்கள் கடைசி நேரத்தில் கூட இருப்பது அந்த ஊர் முறை. லுவாக்ஸானா அவருக்குத் துணையாகப் போகிறார்.

எங்கள் அம்மா 2004இல், 60 நிறைந்த மாதம் ஓய்வுபெற்றார். பிரியாவிடைக்கு மாலை போட்டு மேசைக் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை அதே சேலைக் கட்டோடு பள்ளிக்கூடத்துக்குப் போய், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சம்பளமில்லாமல் நான்கு வருடம் போனார். ஊர் சிரிக்கும், வீட்டில் இருங்கள் என்று தொலைபேசியில் அவரோடு நான் சண்டை பிடித்தேன். டிமிசினின் மகள் பேசியபோது என் குரல் எனக்குக் கேட்டது.

லுவாக்ஸானாவாக நடித்த மேஜல் பேரட்டைப் பற்றி அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். 1964இல் எடுத்த முதல் 'ஸ்டார் ட்ரெக்' முன்னோட்டப் படத்தில் அவர்தான் கப்பலின் இரண்டாம் தலைவர். தொலைக்காட்சி நிறுவனம் அந்தப் படத்தை ஏற்கவில்லை. மறுபடி எடுத்தபோது அந்தப் பாத்திரமே இல்லை. தொடரில் அவருக்குக் கிடைத்தது தாதி வேடம். தொடரை உருவாக்கிய ஜீன் ரோடன்பெரியை மணந்தார். ரோடன்பெரி 1991 ஒக்டோபரில் இறந்தார். கணவர் போன ஆறாம் மாதம் ஒளிபரப்பான கதையில், தனிமைக்குப் பயந்து முன்பின் பாராத ஒருவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் விதவைத் தாயாக வருகிறார் பேரட். 2008 டிசம்பரில் அவரும் காலமானார். இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கியது வேறொன்று. எண்டர்பிரைஸ் என்ற அந்தக் கப்பலின் கணினிக் குரலும் அவருடையதே. யார் எதைக் கேட்டாலும் அமைதியாகப் பதில் சொல்லும் அந்தக் குரலை நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் ரசித்தோம். அதே குரல் தன் சார்பில் பேசியபோது பொத்தானை அமத்தினோம்.

1993 நவம்பரில் வந்த 'டார்க் பேஜ்' கதையை அந்த அம்மாவின் உச்சம் என்று சொல்கிறவர்கள் உண்டு. டியானா கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள், தண்ணீரில் மூழ்கி இறந்தாள், அந்த நினைவைத் தாய் ஏழு வருட நாட்குறிப்போடு சேர்த்து அழித்துவிட்டார் என்று அதில் தெரியவருகிறது. நான் அழுதேன். ஆனாலும் எனக்கு அது குறையாகவே பட்டது. உரத்துப் பேசுகிற ஒரு பெண்ணை நாம் மன்னிப்பதற்கு அவளுக்குள் ஒரு பிள்ளையின் சாவு ஒளிந்திருக்க வேண்டுமா என்ன? 'ஹாஃப் எ லைஃப்' அப்படி எதையும் கேட்கவில்லை. அந்த அம்மா எப்படியோ அப்படியே இருக்க, நம்மை மட்டும் இடம் மாற்றி நிற்கவைத்தது.

போன வருடம் மகளின் கொழும்பு அலுவலகத்துக்கு, சொல்லாமல், கொக்கிஸ் டின்னோடு போய் இறங்கினேன். வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளையிடம், "நான் கண்டியில டீச்சர், என்னோட மகள் இங்கதான்..." என்று தொடங்கும்போதே கண்ணாடிக்கு அப்பால் அவள் முகம் மாறியதைக் கண்டேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். டின்னைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இனியும் போவேன்.

ஊரடங்கு நாட்களின் ஓர் இரவு மட்டும் மனதில் தனியாக நிற்கிறது. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் வரும் 'த ஃபோர்சேக்கன்' கதை பார்த்துக்கொண்டிருந்தோம். ஓடோ என்ற காவல் அதிகாரியும் லுவாக்ஸானாவும் மின்தூக்கிக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். ஓடோவின் உடல் 16 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரவமாகக் கரைந்தாக வேண்டும். இன்னொருவர் கண்முன்னால் உருக்குலைவது அவருக்கு அவமானம். நேரம் போகப் போகத் தவிக்கிறார். அப்போது லுவாக்ஸானா தன் தலையிலிருந்த அலங்கார முடியைக் கழற்றுகிறார். உள்ளே இருப்பது சாதாரண, படிந்த தலைமுடி. இப்படி என்னை யாரும் பார்த்ததில்லை என்கிறார். பிறகு தன் பாவாடையைத் தொட்டில்போல ஏந்தி, கரைந்த அவரைக் கீழே சிந்தாமல் பிடித்துக்கொள்கிறார்.

லயத்துக் காம்பராவில் இரவானால் அம்மா கொண்டையை அவிழ்த்துச் சவுரியைச் சுவர் ஆணியில் மாட்டுவார். சிநேகிதிகள் வரும் நாட்களில் அதை எடுத்து அரிசிப் பெட்டிக்குப் பின்னால் நான் ஒளித்துவைப்பேன். காலையில் அம்மா சத்தமில்லாமல் தேடி எடுத்து, வைத்து முடிந்துகொண்டு பள்ளிக்கூடம் போவார்.

கதை முடிந்து எழுத்துகள் ஓடின. அம்மா ஒன்றும் பேசவில்லை. சவுரி வைப்பதை விட்டுப் பல வருடமாகிறது. சின்னஞ்சிறு வெள்ளைக் கொண்டையைப் பின்னால் கைகொண்டுபோய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"திரும்ப எப்ப வருவாங்க, அந்தம்மா?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"இன்னும் மூணு தரம் வருவாங்கம்மா."